மூன்று சக்கரமும் என் இரண்டு கால்களும்

1

இந்த வாரம் என் வண்டிக்கு ஒரு வயது நிறைகிறது. காப்பீட்டைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல்தான் நினைவூட்டியது. இந்த நாட்டில் பிறந்தநாள்களை உறவினர்களைவிட அலுவலகங்கள்தான் மறக்காமல் வைத்திருக்கின்றன. கேக் எதுவும் வெட்டவில்லை. ஈரத் துணியால் அதன் நெற்றியைத் துடைத்துவிட்டேன். கண்ணாடியில் ஒட்டிக் காய்ந்திருந்த பூச்சிகளுக்கு ஒரு நிமிடம் வருத்தப்பட்டேன். அவ்வளவுதான் கொண்டாட்டம்.

ஸ்கூட்டர்தான். ஆனால் நம் ஊரில் ஸ்கூட்டர் என்றால் மனதில் வருவதற்கும் இதற்கும், தேங்காய் மூடிக்கும் அண்டாவுக்கும் உள்ள உறவுதான். சாய்ந்து உட்கார முதுகுத் திண்டு. நெஞ்சு மறையும் உயரத்துக்குக் காற்றுத் தடுப்புக் கண்ணாடி. கைப்பிடிக்குள் சூடு. இருக்கையைத் தூக்கினால் இரண்டு ஹெல்மெட்டையும் ஒரு வாரத்துக் காய்கறியையும் விழுங்கிவிட்டு இன்னும் கேட்கும் வயிறு. மலையும் கடலும் தாண்டி நெடும்பயணம் போகிறவர்களுக்காகச் செய்த வண்டி என்றுதான் விற்றவர் சொன்னார். நான் அதில் போவது வீட்டிலிருந்து வேலைக்கு.

லியோன் நகரத்துப் பள்ளிக்கூடங்களுக்கு மதிய உணவு சமைத்து அனுப்பும் பெரிய சமையல்கூடத்தில் எனக்கு வேலை. நகரத்துக்கு வெளியே, கிடங்குகளுக்கு நடுவே இருக்கிறது. முதல் மெட்ரோ கிளம்பும் முன்பே நாங்கள் கேரட் சீவத் தொடங்கியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் ரோன் நதியின் மேல் பனிப்புகை படுத்திருக்கும். பாலத்தைக் கடக்கும்போது தண்ணீர் ஓடுகிறதா, நான் ஓடுகிறேனா, பாலம்தான் எங்காவது போய்க்கொண்டிருக்கிறதா என்று தெரியாது. ஐம்பதைத் தொடப்போகும் மனிதனுக்கு அந்தக் குழப்பம் தேவையாக இருக்கிறது.

முக்கியமான ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். இந்த வண்டிக்கு முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. ஆக மூன்று. அந்த உபரிச் சக்கரம் புதுக்கோட்டை மாவட்டத்தில் என்னென்ன செய்தது என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

2

கார் ஓட்டும் உரிமம் இருந்தால் பிரான்சில் இப்படிப்பட்ட மூன்று சக்கர வண்டியையும் ஓட்டலாம். ஒரு நாள் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கினால் போதும். பயிற்சி தந்தவர் என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்த ஒரு பெண். இதைக் கார் என்றும் நினைக்காதீர்கள், மோட்டார் சைக்கிள் என்றும் நினைக்காதீர்கள் என்றார். பிறகு என்னவென்று நினைப்பது என்று கேட்கும் அளவுக்கு என்னிடம் பிரெஞ்சு இருந்தது. அவர் சொன்ன பதிலைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு இல்லை.

அடுத்து வண்டியின் பதிவு. எல்லாம் கணினியில்தான். நான் பதிவேற்றிய கையெழுத்தை ஒரு முறை திருப்பி அனுப்பினார்கள்: கையெழுத்து கேட்ட இடத்தில் படம் வரைந்திருக்கிறீர்கள் என்று. தமிழில் போட்டிருந்தேன். அடுத்த முறை குடும்பப் பெயருக்கான கட்டத்தில் சிக்கல். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட் எடுத்த காலத்திலேயே அப்பாவின் பெயர் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அதனால் வண்டியின் பத்திரம் "திரு. சூசை" என்ற பெயரில் வந்தது. காப்பீட்டுக்காரர்கள் எழுதுவதும் திரு. சூசைக்குத்தான். என் அப்பா ஆயுளுக்கும் ஓட்டியது ஒரு சைக்கிள். அதையும் இறக்கத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வருவார். இன்று லியோன் நகரத்துச் சாலைக் கேமராக்கள் அவரைத்தான் வேகமாகப் போனதற்காகப் பிடிக்கின்றன. மோட்சத்தில் உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டிருப்பார்.

முதல் வாரமே விழுந்தேன். இந்த வண்டியில் ஒரு பொத்தான் உண்டு. நிற்கும்போது அழுத்தினால் முன்சக்கரங்கள் இரண்டும் விறைத்துக்கொள்ளும். வண்டி தானாக நிற்கும். காலைத் தரையில் வைக்க வேண்டியதில்லை. ரொட்டிக் கடை வாசலில் பொத்தானை அழுத்திவிட்டதாக நினைத்து இரண்டு காலையும் ராஜா மாதிரி மேலே வைத்துக்கொண்டேன். வண்டி ஒரு கணம் யோசித்தது. பிறகு, எருமை குளத்தில் படுப்பதுபோல, அவசரமே இல்லாமல் சாய்ந்து படுத்தது. வழியில் போனவர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். ஒரு பாட்டியம்மா என் ரொட்டியை வாங்கி வைத்துக்கொண்டார். எனக்கு ஒன்றுமில்லை, நலம்தான் என்று சொல்ல நினைத்து, பதற்றத்தில், "நான் நல்லவன், நான் நல்லவன்" என்று பிரெஞ்சில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் என்னைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்த்துவிட்டுக் கலைந்தார்கள்.

வீட்டில் ஏன் மூன்று சக்கரம் என்று கேட்டதற்கு என்னிடம் தயாராகப் பதில் இருந்தது. தனி உரிமம் வேண்டாம், நவீன தொழில்நுட்பம், சாலைப்பிடிப்பு. என் மனைவி ரோஸ்லின் நம்பினாள், அல்லது நம்பியதுபோல இருந்தாள். பதினாறு வயது மகள் ஆனி சுற்றிவந்து பார்த்துவிட்டு, "வண்டி அழகா இருக்கு அப்பா. அதுல நீங்க இருந்தா அழகா இல்ல" என்றாள். பள்ளிக்கு முந்தின தெருவிலேயே இறக்கிவிடச் சொல்வாள். என்னோடு பேசுவது பிரெஞ்சில்தான். அப்பா என்கிற வார்த்தையை மட்டும் இன்னும் தமிழில் சொல்கிறாள். அதற்காகவே முந்தின தெருவில் இறக்கிவிடுகிறேன்.

3

குளிர் வந்தது. இங்கே ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள் குளிர்காலத்தில் வண்டியோடு சேர்த்து ஒரு தடித்த ரெக்சின் போர்வையை மாட்டிவிடுவார்கள். உட்கார்ந்ததும் இடுப்பிலிருந்து பாதம் வரை அது மூடிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் இடுப்புக்குக் கீழே ஆள் இருப்பது தெரியாது. மேலே ஹெல்மெட், நடுவில் மேல்சட்டை, கீழே கறுப்பு மூட்டை.

அந்தக் கோலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோஸ்லின் என்னைப் படம் எடுத்தாள். நான் அதை எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். ஆவூர் பக்கத்துச் சின்ன ஊர் எங்களுடையது. அந்தக் குழுவில் அக்கா, அத்தான், சித்தப்பா வீட்டார், சிங்கப்பூரில் இருக்கிறவர்கள் என்று பாதித் தெரு இருக்கிறது. படத்தின் கீழே பெருமையாக எழுதினேன்: "புது வண்டி. சிக்னலில்கூடக் காலை ஊன்ற வேண்டியதில்லை."

நான் சாம்பார் வைத்த படத்தைப் போட்டாலே இதயங்களாகக் கொட்டுகிற குழு அது. அன்று ஒன்றும் வரவில்லை. மாலைவரை மௌனம். பிறகு சித்தப்பா மகன் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டான். யாரோ, "கர்த்தர் உன்னைக் கைவிட மாட்டார்" என்றார்கள். "மனசைத் தளர விடாதீங்க மாமா" என்று சிங்கப்பூரிலிருந்து ஒரு குரல். பெரிய வண்டி வாங்கியதற்கு வாழ்த்து இப்படியும் சொல்வார்கள் போலிருக்கிறது, ஊரை விட்டு வந்து நாளாகிவிட்டதல்லவா என்று நினைத்து, நானும் பணிவாகப் பதில் போட்டேன்: "நன்றி. எல்லாம் மாதாவின் சித்தம்."

அந்தப் பதில்தான் என் காலை வெட்டியது.

4

ஓரிரு நாள் கழித்து அக்கா சகாயமேரி கூப்பிட்டாள். சாப்பிட்டாயா என்றாள். ரோஸ்லின் நன்றாகப் பார்த்துக்கொள்கிறாளா என்றாள். எப்போதும் தன் பேச்சு முடிந்துதான் என் பேச்சைக் கேட்பவள், அன்று என்னைப் பேசவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். கடைசியில் கேட்டாள்.

"எந்தக் காலுடா?"

"என்னக்கா எந்தக் காலு?"

"எங்ககிட்டயுமா மறைப்ப? ஊருக்கே தெரிஞ்சிருச்சு. அம்மாவுக்குக்கூடத் தெரிஞ்சிருச்சு. வலதா, இடதா, அத மட்டும் சொல்லு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நம் ஊரில் மூன்று சக்கர ஸ்கூட்டர் என்றால் அதற்கு ஒரே பொருள்தான். கால் முடியாதவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற வண்டி அது. கலெக்டர் ஆபீஸ் வாசலில் வரிசையாக நிறுத்தி, மாலை போட்டு, சாவி கொடுத்து, படம் எடுப்பார்கள். எங்கள் பெரியம்மா மகன் ஆரோக்கியத்துக்கு அப்படிக் கிடைத்த வண்டி இருக்கிறது. சிறு வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிப்போனவன், என் வயதுக்காரன். திருக்கோகர்ணத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அந்த வண்டியில் புதுக்கோட்டைக்கும் ஊருக்கும் தினமும் பறக்கிறான். அதற்கு இரண்டு சக்கரம் பின்னால், எனக்கு முன்னால். அந்த வித்தியாசத்தை யார் பார்த்தார்கள்? வெளிநாட்டு அரசாங்கம் கொஞ்சம் பெரிதாகக் கொடுத்திருக்கிறது என்று முடிவு செய்துவிட்டார்கள்.

அதற்குள் காரியங்கள் வெகுதூரம் போயிருந்தன. ஞாயிறு பூசையில், அந்நிய நாட்டில் விபத்தில் காலை இழந்த நம் சகோதரருக்காக என்று மன்றாட்டு நடந்துவிட்டது. மணமேல்குடியிலிருந்து என்னோடு படித்த ஒருவன் கூப்பிட்டு, ஜெய்ப்பூர்க் கால் நல்லது, நீ பிரெஞ்சுக்காரன் காலை நம்பாதே என்று அறிவுரை சொன்னான். எனக்கு இரண்டு காலும் இருக்கிறது என்று அவனிடம் சொன்னேன். "அதாண்டா வேணும், அந்தத் தைரியம்தான் வேணும்" என்றான்.

இதுவரை சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். அக்கா அடுத்துச் சொன்னதற்குச் சிரிக்க முடியவில்லை.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடை. திருச்சியில் ஒரு மருத்துவமனையில் முழங்கால் மாற்று அறுவைக்கு நாள் குறித்திருந்தோம். இன்னும் தள்ளிப்போட்டால் கட்டிலோடு கட்டிலாக ஆகிவிடுவார் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அந்த நாளைத்தான் அம்மா இப்போது வேண்டாம் என்றுவிட்டார்.

அக்கா போனை அவரிடம் கொடுத்தாள். அம்மா அழவில்லை. சந்தைக்குப் போகச் சொல்கிற குரலில் சொன்னார்.

"எம் புள்ள காலில்லாமக் கெடக்கான், எனக்குப் புதுக்காலு கேக்குதா? நீ நடந்து வந்து எங் கண்ணு முன்னால நில்லு. அப்பறம் எங் காலப் பத்திப் பேசலாம்."

5

காலை வேலை, மாலை நிரூபணம் என்று நாள்கள் போயின.

முதலில் வீடியோ அழைப்பில் எழுந்து நின்றேன். கேமரா என் முகத்தையும் காட்டி, தரையையும் காட்டவேண்டும் என்றால் நான் சுவரோரம் போக வேண்டும். சுவரோரம் போனால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்றார்கள். கால்சட்டையை மடித்துக் காட்டினேன். ரப்பர் கால் இப்போதெல்லாம் ரோமம் வைத்தே வருகிறது என்று அத்தான் பின்னாலிருந்து சொன்னது கேட்டது. அவர் எதற்கும் ஒரு தகவல் வைத்திருப்பவர்.

பிறகு ஆனி ஒரு யோசனை சொன்னாள். வண்டி நிறுத்துமிடத்தில் என்னைக் கயிறு தாண்டவிட்டுப் படம் எடுப்பது. இப்படியொரு வேலையில் அவள் என்னோடு நின்றது எத்தனை காலத்துக்குப் பிறகு என்று எனக்கு நினைவில்லை. மூச்சு வாங்க வாங்கத் தாண்டினேன். அவள் சிரித்துச் சிரித்துப் படம் ஆடிப்போனது. பிறகு தன் முகத்தருகே போனைக் கொண்டுபோய் என் அம்மாவுக்காக அவளே தமிழில் பேசினாள்: "அப்பாயி, அப்பாக்கு காலு ரெண்டும் இருக்கான். நான் எண்ணிட்டேன்." கால் இருக்கான் என்று அவள் சொன்னதைத் திருத்தலாமா என்று யோசித்தேன். கால்களுக்கு அந்த நேரத்தில் கொஞ்சம் மரியாதை தேவைப்பட்டது, விட்டுவிட்டேன்.

குழுவில் அந்தப் படத்துக்கும் தீர்ப்பு வந்தது. பிளாஸ்டிக் கால் வைத்து ஓட்டப்பந்தயமே ஓடுகிறார்கள், கயிறு தாண்டுவதா பெரிது என்றார் ஒருவர். இன்னொருவர் இன்னும் மேலே போனார்: இந்தக் காலத்தில் செத்துப்போனவர்களே எழுந்து வந்து பாட்டுப் பாடுகிற மாதிரி வீடியோ செய்கிறார்கள், கால் செய்வது கஷ்டமா?

அம்மா படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம். "புள்ள ஏன் இப்பிடி எளச்சுக் கெடக்கு?" ஆனியைப் பற்றி.

அறுவைக்குக் குறித்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மருத்துவமனையிலிருந்து அக்காவுக்கு இரண்டு முறை போன் வந்துவிட்டது. வேலையிடத்தில் மேலாளரிடம் விடுப்பு கேட்டேன். காரணம் என்ன என்றார். என் அம்மாவிடம் என் கால்களைக் காட்ட வேண்டும் என்றேன். இந்த முறை என் பிரெஞ்சில் பிழை எதுவும் இல்லை. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். பிரெஞ்சுக்காரர்கள் சில விஷயங்களில் கேள்வி கேட்க மாட்டார்கள்.

6

திருச்சியில் இறங்கி, பஸ் பிடித்து, எங்கள் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் வந்து நின்றேன். பெட்டியோடு ஊர்வரை நடந்தே போக வேண்டும், தெருவே பார்க்க வேண்டும் என்பது என் திட்டம். விலக்கில் ஆரோக்கியம் தன் வண்டியோடு காத்திருந்தான்.

"வாடா, வா. நம்ம கட்சியில சேந்துட்டன்னு சொன்னாங்க. உறுப்பினர் அட்டை வாங்கிட்டியா?"

நடந்து வருகிறேன் என்றேன். அவன் விடவில்லை. வெயிலைப் பார், பெட்டியைப் பார், ஏறு என்றான். "ஒனக்குத்தான் மூணு சக்கரம் பழக்கமாச்சே" என்று ஒரு குத்து. கால்கள் இரண்டும் நன்றாக இருக்கிற நான், அரசாங்கம் கொடுத்த மூன்று சக்கர வண்டியின் பின்னால் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்து, அந்தப் பெட்டியாலேயே காலும் மறைந்துபோக, ஊருக்குள் நுழைந்தேன். தெருவில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒரு அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். ஆரோக்கியம் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினான். ஹாரன் வேறு அடித்தான்.

அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் இறங்கினேன். நடந்தேன். பத்தடி தூரம்தான் இருக்கும். பள்ளி ஆண்டுவிழாவில் பரிசு வாங்க மேடைக்குப் போகிறவன்போல எல்லோரும் பார்க்க நடந்தேன்.

"மடி," என்றார் அம்மா.

கால்சட்டையை முழங்கால்வரை மடித்தேன். குனிந்து கணுக்காலைப் பிடித்தார். பலாப்பழத்தைத் தட்டுவதுபோலக் கெண்டைக்காலைத் தட்டினார். காதைச் சாய்த்துச் சத்தம் கேட்டார். பிறகு யாரும் எதிர்பாராதபடி நறுக்கென்று கிள்ளினார். நான் அலறியதில் எதிர்வீட்டுக் கோழிகள் கூரையில் ஏறின. அடுத்த காலுக்கும் அதே பரிசோதனை.

அம்மா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். மகிழ்ச்சியாக இருப்பார் என்று நினைத்தேன். கோபமாக இருந்தார்.

"ரெண்டு காலும் கல்லாட்டம் இருக்கு. அப்பறம் என்னத்துக்குடா ஒனக்கு மூணு சக்கரம்?"

சாலைப்பிடிப்பு பற்றிச் சொன்னேன். முன்பக்கச் சாய்வு பற்றிச் சொன்னேன். நம் ஊர்த் தமிழில் அந்தத் தொழில்நுட்பத்தை விளக்க முயன்று, கைகளை அப்படியும் இப்படியும் ஆட்டிக் காட்டினேன். தெருவே கேட்டது. யாருக்கும் திருப்தியில்லை. காலை இழந்த சகோதரரைவிட, காலை வைத்துக்கொண்டு மூன்று சக்கரம் ஓட்டுகிறவன் அவர்களுக்குப் பெரிய ஏமாற்றம்.

7

கால் இருக்கிறது என்று தெரிந்தாயிற்று. மருத்துவமனைக்கு எப்போது போகலாம் என்று அன்று இரவே கேட்டேன். முதலில் நேர்ச்சை, அப்புறம்தான் மற்றது என்றார் அம்மா. என் காலுக்காக மாதாவுக்கு ஒரு வெள்ளிக் கால் நேர்ந்திருந்தாராம். வாங்கியும் வைத்துவிட்டார், விரல் நீளத்தில், பாதமும் கெண்டையும் உள்ள தகடு. போகாத காலுக்கு எதற்குக் காணிக்கை என்று நான் கேட்டேன். போய்த் திரும்பி வந்த கால் என்று வைத்துக்கொள் என்றாள் அக்கா. மறுநாளே கோயிலுக்குப் போய் உண்டியலில் போட்டோம். போடும்போது அம்மா என்னைத் தன் கையைத் தொட்டுக்கொள்ளச் சொன்னார்.

இனிப் போகலாமா என்றேன். சித்தப்பா பேத்திக்குப் பூப்பு நீராட்டு வருகிறது, அது முடியட்டும் என்றார். அதற்கடுத்து தவக்காலம் என்றார். தவக்காலத்தில் காலை அறுக்கக்கூடாது என்று எந்த வேதத்தில் இருக்கிறது என்று அக்கா கத்தினாள். என் விடுப்பு தேய்ந்துகொண்டிருந்தது. அறுவைக்குக் குறித்த நாள் நாலு நாளில் வந்துவிடும்.

ஆரோக்கியத்தின் கடைக்குப் போனேன். யாருடைய போனையோ பிரித்துப் போட்டு உள்ளே ஊதிக்கொண்டிருந்தான். என் புலம்பலை முழுதும் கேட்டான். பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

"சின்னம்மாவுக்கு ஒங் காலு நல்லாத்தான் இருக்குன்னு நீ கயிறு தாண்டுன வீடியோவுலயே தெரியும்டா. எங்கிட்டக் கொண்டாந்து காட்டுச்சு. இது நெசமா இருக்குமாடான்னு கேட்டுச்சு. நெசந்தான் சின்னம்மான்னு நாந்தான் சொன்னேன்."

"அப்பறம் ஏன்டா என்னய வரவச்சீங்க?"

"ஆப்பரேசன்னா பயம். ஒங் காலு ஒரு சாக்கு, அவ்வளவுதான். போனப் பிரிச்சுப் போட்டா எம் முன்னாடியும் எல்லாரும் பயந்துகிட்டுத்தான் ஒக்காந்திருப்பாங்க, நான் அந்தப் பக்கம் பாத்துக்குவேன். நீ மகன். நீ அந்தப் பக்கம் பாக்கக் கூடாது." திருப்புளியை எடுத்துக்கொண்டான். "சரி, நீ சொல்லு. ஒனக்கு எதுக்குடா மூணு சக்கரம்?"

அவனிடம் சாலைப்பிடிப்பு பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. பஸ் வந்துவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

8

அம்மா இப்போது தெருவில் எல்லோரையும்விட வேகமாக நடக்கிறார் என்று அக்கா போனில் குறைபட்டுக்கொள்கிறாள். யார் வீட்டுக்குப் போனார் என்று தேட வேண்டியிருக்கிறதாம். அது இப்போதைய கதை. நான் சொல்ல வந்தது அதற்கு முந்தையது.

கடையிலிருந்து திரும்பிய மாலை. அம்மா கட்டிலில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் தரையில் உட்கார்ந்து தைலப் புட்டியை வாங்கிக்கொண்டேன். ஊரில் யாருக்கும், லியோனில் யாருக்கும், ரோஸ்லினுக்குக்கூடச் சொல்லாத ஒன்றை அந்த முழங்காலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

வண்டி வாங்குவதற்கு முந்தின ஆண்டு வரை நான் வேலைக்குச் சைக்கிளில்தான் போய்க்கொண்டிருந்தேன். ஒரு மழைநாளில் டிராம் தண்டவாளத்தின் பள்ளத்தில் முன்சக்கரம் மாட்டியது. விழுந்தேன். எலும்பு எதுவும் முறியவில்லை. எதிரே வந்த டிராம் மணியடித்துக்கொண்டே நின்றது. அதன் விளக்கு என் முகத்துக்கு நேராக இருந்தது. எழுந்து தட்டிவிட்டுக்கொண்டு வேலைக்குப் போய்க் கேரட் சீவினேன். அதற்குப் பிறகு ஈரமான ரோட்டைப் பார்த்தாலே இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே ஓட்டினேன். வெயில் நாளில்கூடத் தண்டவாளத்தைக் கண்டால் இறங்கித் தள்ளினேன். இரண்டு சக்கரத்தில் என்னால் இனி உட்கார முடியாது என்று தெரிந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆகவே தொழில்நுட்பம் என்றேன்.

"பயம்மா. விழுந்துருவேன்னு பயம். அதுக்குத்தான் மூணு."

அம்மாவின் வயிறு குலுங்குவது கட்டிலில் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இறக்கத்துல சைக்கிளத் தள்ளிக்கிட்டு வார மனுசனுக்குப் பொறந்தவன், வேற எப்பிடி இருப்ப?" என்றார். மறுபடியும் சிரித்தார். சிரிப்பு அடங்கியபின் வேறு குரலில் பேசினார். "ஊசி போட்டு மயங்கப் போட்டுருவாங்களாம்ல? அப்ப நான் எங்கிட்டுடா இருப்பேன்?"

டாக்டர் சொன்னவை எல்லாம் தெரியும். இதற்கு அவை பதில் இல்லை. "தெரியலம்மா. ஆனா நான் வெளியில நிக்கிறேன்" என்றேன்.

"நின்னு என்ன செய்வ?"

"ஒண்ணுஞ் செய்யமாட்டேன். நிப்பேன்."

அம்மா தைலப் புட்டியை வாங்கி மூடினார். அறுவை நாளன்று காலையில் எத்தனை மணிக்கு வண்டி சொல்லியிருக்கிறாய் என்று அக்காவை உள்ளிருந்தபடியே கேட்டார்.

மருத்துவமனையில் அந்தக் காலையில் பச்சை அங்கியைப் போட்டுச் சக்கர நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். அம்மா கதவு வரைக்கும் நானே நடந்து வாரேன் என்றார். நர்ஸ் முதலில் முடியாது என்றார், பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் நான். அந்தத் தாழ்வாரத்தின் நீளம் முழுதும் ஒவ்வொரு அடியாக, வலிக்கும்போது நின்று, பல்லைக் கடித்து, மீண்டும். கண்ணாடிக் கதவு வந்ததும் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். நீல வாருள்ள ரப்பர் செருப்பு. வளைந்துபோன கால்கள் மிதித்து மிதித்து இரண்டிலும் வெளிப்பக்கம் தேய்ந்து சரிந்திருந்தது. அம்மா குனிய முடியாமல் காலை உதறிக் கழற்றினார். நான் எடுத்தேன்.

"கீழ வச்சுராத. எவளாச்சும் மாத்திப் போட்டுட்டுப் போயிருவா. நான் வந்து போட்டுக்கிறணும்."

சரி என்றேன். கதவு மூடிக்கொண்டது. செருப்பை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றேன். அவருடைய சூடு அதில் கொஞ்ச நேரம் இருந்தது. வெகுநேரம் கழித்து அந்தப் பக்கமாக வந்த நர்ஸ் ஒரு நாற்காலியைக் காட்டி, உக்காருங்க சார், இன்னும் நேரமாகும் என்றார்.

பரவாயில்லைங்க, நிக்கிறேன்னு சொல்லியிருக்கேன் என்றேன்.